வானத்தில் புரியாத வெளிச்சம்: மலையகத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மழை விட்ட இரவுகளில் தோட்டத்துப் பக்கம் வானம் திடீரென்று திறந்துகொள்ளும். அப்படியான இரவுகளில்தான் யாராவது ஒருவர் எதையாவது பார்ப்பார். காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்குப் போவதற்குள் படம் வாட்ஸ்அப்பில் சுற்றிவிடும். "விமானப்படைக்குத் தெரியும், சொல்லமாட்டாங்க" என்பார் ஒருவர். "குடிச்சிட்டுப் பார்த்திருப்பான்" என்பார் இன்னொருவர். பார்த்தவருக்கு இரண்டாலும் பயனில்லை. இப்படியான தகவல்களை இராணுவங்கள் எப்படிக் கையாண்டிருக்கின்றன, என்ன விளக்கம் சொல்லியிருக்கின்றன, நாம் கண்டதை எப்படிச் சொன்னால் பதில் கிடைக்கும் என்று பலர் கேட்டவற்றை இங்கே ஒன்றாக எழுதுகிறேன்.

வானத்தில் அடையாளம் தெரியாத ஒன்று தென்பட்டால் இராணுவம் முதலில் என்ன செய்யும்?

அது ஆபத்தா என்று பார்க்கும். அது என்ன என்பது இரண்டாவது கேள்வி. பல நேரங்களில் அந்தக் கேள்விக்கு வருவதே இல்லை.

2023 நவம்பர் 19ஆம் திகதி மணிப்பூரின் இம்பால் விமான நிலையத்துக்கு அருகே வானத்தில் ஏதோ ஒன்று தெரிந்தது. விமான நிலையத்தைச் சில மணி நேரம் மூடினார்கள். இந்திய விமானப்படை ரஃபேல் விமானங்களை அனுப்பித் தேடியது. ஒன்றும் அகப்படவில்லை. வான் பாதுகாப்பு ஏற்பாட்டை இயக்கினோம், அதன்பின் அந்தச் சிறிய பொருள் தென்படவில்லை என்று அறிவித்தார்கள். அத்தோடு சரி.

பார்த்த மக்களுக்கு இது அரைகுறைப் பதில். படைக்கோ வேலை முடிந்துவிட்டது. நாம் கேட்பது ஒன்று, அவர்கள் தங்களுக்குள் கேட்டுக்கொள்வது வேறொன்று. மற்ற நாடுகள் தந்த விளக்கங்களையும் இதை மனதில் வைத்துப் படித்தால் கோபம் பாதியாகக் குறையும், புரிதல் கூடும்.

பொதுமக்கள் சொன்னதை உட்கார்ந்து விசாரித்த இராணுவம் ஒன்றுகூட இல்லையா?

இருக்கிறது. அமெரிக்க விமானப்படை ஒஹாயோ மாநிலத்தின் ரைட்-பெற்றர்சன் தளத்தில் 'புளூ புக்' என்ற திட்டத்தை 1952 முதல் 1969 வரை நடத்தியது. 1947 முதல் வந்தவற்றையும் சேர்த்து 12,618 அறிக்கைகள். பெரும்பாலானவற்றுக்குக் கோள், நட்சத்திரம், விமானம், பலூன் என்று ஏதாவது விடை கிடைத்தது. 701 கடைசிவரை விளங்கவில்லை. மூடும்போது அவர்கள் சொன்னதின் சாரம்: நாட்டுக்கு அச்சுறுத்தல் இல்லை, இன்றைய அறிவியலை மீறிய தொழில்நுட்பம் என்பதற்கோ வேற்றுக்கிரக வாகனம் என்பதற்கோ சான்று இல்லை.

அந்தத் திட்டம் மக்களிடம் பேர் கெட்டது விளக்கம் சொன்ன விதத்தால். 1966 மார்ச்சில் மிச்சிகன் மாநிலத்தில் பலர் வெளிச்சங்களைக் கண்டார்கள். புளூ புக்கின் ஆலோசகரான வானியலாளர் அலன் ஹைனெக், அவற்றில் சில சதுப்பு நிலத்திலிருந்து எழும் வாயு எரிந்ததால் வந்திருக்கலாம் என்று பத்திரிகையாளர் முன் சொன்னார். சதுப்பு வாயு எரிவது இயற்கையில் உள்ளதுதான். ஆனால் கண்ணால் கண்டவர்கள் தங்களை முட்டாளாக்கிவிட்டார்கள் என்று கொதித்தார்கள். அந்த மாநிலத்தின் காங்கிரஸ் உறுப்பினராக இருந்து பின்னாளில் ஜனாதிபதியான ஜெரால்ட் ஃபோர்ட், விசாரணை வேண்டும் என்று எழுதினார். ஹைனெக்கே பிற்காலத்தில் விமானப்படையின் விசாரணை முறையைக் கடுமையாக விமர்சித்தார். சாட்சி சொன்னவரை மதிக்காமல் தரும் விளக்கம் சரியாகவே இருந்தாலும் எடுபடாது என்பதை இந்த விவகாரம் அளவுக்கு வேறெதுவும் காட்டவில்லை.

பிரித்தானியப் பாதுகாப்பு அமைச்சு ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் இத்தகைய தகவல்களை வாங்கி வைத்தது. ஒன்றில்கூட நாட்டுக்கு ஆபத்து இருந்ததில்லை, இதற்கு ஆள் வைப்பது வீண் என்று 2009இல் அந்தப் பிரிவை மூடியது. கோப்புகளைத் தேசியச் சுவடிக்கூடத்தின் வழியாக வெளியிட்டார்கள். அதுவரைக்கும் நல்ல காரியம்.

பலூன் என்று சொல்லி மூடி மறைக்கிறார்கள்தானே?

சில தடவை மறைத்திருக்கிறார்கள். மறைத்தது வேற்றுக்கிரகத்தாரை அல்ல, தங்கள் சொந்த இரகசியங்களை.

1947 ஜூலை 8ஆம் திகதி நியூ மெக்சிகோவின் ரொஸ்வெல் தளம், பறக்கும் தட்டு ஒன்று கையில் கிடைத்தது என்று தானே பத்திரிகைக்கு அறிவித்தது. ஒரு நாளுக்குள் அது வானிலை பலூன் என்று மாற்றினார்கள். 1994இல்தான் விமானப்படை முழுக்கதையையும் சொன்னது. 'மோகல்' என்ற இரகசியத் திட்டத்தில், சோவியத் ஒன்றியம் அணுகுண்டு வெடித்தால் அந்த ஒலியை மேல் வானத்தில் பிடிப்பதற்காகக் கருவிகள் கட்டி விட்ட பலூன் தொடர் அது. பலூன் என்றது பொய்யல்ல, வானிலை என்றதுதான் பொய். ஏறக்குறைய அரை நூற்றாண்டு மௌனமாக இருந்துவிட்டு உண்மையைச் சொன்னபோது நம்ப ஆளில்லை.

யூ-2 உளவு விமானத்தின் கதை இதைவிட முக்கியம் என்பது என் எண்ணம். 1955இல் அது பறக்கத் தொடங்கியது. பயணிகள் விமானங்கள் 10,000 முதல் 20,000 அடியில் பறந்த காலத்தில் இது 60,000 அடிக்கு மேலே போனது. கீழே இருட்டிவிட்ட பிறகும் அந்த உயரத்தில் வெயில் இருக்கும். வெள்ளி நிறச் சிறகில் அந்த வெயில் பட்டுப் பளீரென்று தெரியும். பயணிகள் விமானத்து விமானிகளே தங்களுக்கு மேலே நெருப்புப் போல ஒன்றைக் கண்டதாக எழுதினார்கள். புளூ புக்காரர்கள் அமெரிக்க உளவு நிறுவனமான சி.ஐ.ஏ.யைக் கேட்டு, யூ-2 பறந்த நேரங்களோடு அறிக்கைகளை ஒப்பிட்டுப் பார்த்தார்கள். விடை கிடைத்தும் எழுதிக் கேட்டவர்களுக்கு அதைச் சொல்ல முடியவில்லை. 1950களின் கடைசியிலும் 1960களிலும் வந்த அறிக்கைகளில் பாதிக்கு மேல் இத்தகைய உளவு விமானங்களால் வந்தவை என்று சி.ஐ.ஏ.யின் வரலாற்றுக் கட்டுரை 1997இல் சொன்னது. அந்தக் கணக்கு அதிகம் என்று மறுப்பவர்களும் உண்டு. எத்தனை என்பது ஒருபுறம் இருக்கட்டும். சரியாகப் பார்த்து நேர்மையாக எழுதியவர்களை, உண்மை தெரிந்தவர்களே தவறாகப் பார்த்தவர்களாக அனுப்பிவைத்தார்கள். அது அநியாயம்.

நம் பக்கத்தில் அப்படி எதுவும் விழுந்திருக்கிறதா?

2016 பெப்ரவரியில் கம்பளைப் பக்கத் தேயிலைத் தோட்டம் ஒன்றில், காற்றிறங்கிய பெரிய பலூன் ஒன்று மின்னணுக் கருவிகளோடு கிடந்ததை ஊர்மக்கள் கண்டு பொலிஸுக்குச் சொன்னார்கள். உயரத்தில் மிதந்தபடி இணைய வசதி தரும் கூகுளின் 'லூன்' திட்டத்துப் பலூன் அது. தென் அமெரிக்காவிலிருந்து விடப்பட்டு அந்த வாரம்தான் இலங்கை வான்பரப்புக்குள் வந்திருந்தது. விழவில்லை, திட்டமிட்டு இறக்கியது என்று தகவல் தொழில்நுட்ப முகவர் நிலையத்தின் தரப்பில் விளக்கம் வந்தது.

கொழுந்து மலையில் இப்படி ஒன்றைக் கண்டவர்களுக்கு, அது வரப்போவது முன்கூட்டித் தெரிந்திருந்தால் எவ்வளவு நிம்மதியாக இருந்திருக்கும்! ஆனாலும் அன்று அவர்கள் செய்தது மிகச் சரி. கண்டார்கள், அறிவித்தார்கள், விடை வந்தது.

பயிற்சி பெற்ற இராணுவத்தினரே பார்த்தால் நம்பலாம்தானே?

லடாக்கில் நடந்ததைப் பாருங்கள். 2012 ஆகஸ்ட் முதல் 2013 பெப்ரவரி வரை, சீன எல்லையில் பாங்கொங் ஏரிப் பக்கம் காவல் நின்ற இந்தியச் சிப்பாய்கள் மஞ்சள் நிற ஒளிப்பொருள்களை 329 தடவை குறித்துவைத்தார்கள். அதில் 155 தடவை எல்லைக்குள் ஊடுருவியதாகப் பதிவு. சீனாவின் உளவு ட்ரோன் என்பது அவர்கள் சந்தேகம். பெங்களூரிலுள்ள இந்திய வானியற்பியல் நிறுவனத்தைக் கூப்பிட்டார்கள். ஒளி எந்தத் திசையில் எழுகிறது, எத்தனை மணி நேரத்தில் எங்கே போய் மறைகிறது என்ற குறிப்புகளைக் கோள்களின் இடத்தோடு ஒப்பிட்டார்கள். ஒன்று வெள்ளி, மற்றது வியாழன்.

சிரிக்க இதில் ஒன்றுமில்லை. உயர்ந்த மலையில் காற்று மெல்லியது, கோள்கள் பெரிதாகப் பளிச்சிடும். பக்கத்தில் ஒப்பிட வேறு எதுவும் இல்லாத இருட்டில் ஒரு புள்ளியையே உற்றுப் பார்த்தால் அது அசைவதாகத் தோன்றும். எதிரி வருவான் என்று காத்திருக்கும் கண்ணுக்கு எதிரிதான் தெரிவான். இருந்தும் விடை கிடைத்தது அந்தச் சிப்பாய்கள் நேரத்தையும் திசையையும் எழுதி வைத்ததால்தான்.

மலையகத்தில் கண்ணை ஏமாற்றக்கூடியவை எவை?

வெள்ளிதான் முதலிடம். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கே மேகம் ஓடும்போது மேகம் நிற்பதுபோலவும் வெள்ளி ஓடுவதுபோலவும் தெரியும். அடிவானத்துக்குப் பக்கத்தில் உள்ள பிரகாசமான நட்சத்திரங்கள் சிவப்பும் பச்சையுமாக மினுங்கும். ட்ரோன் விளக்கு என்றே நினைக்கத் தோன்றும்.

டிசம்பர் பௌர்ணமி முதல் வெசாக் வரை சிவனொளிபாதமலை யாத்திரைக் காலம். பாதை நெடுக விளக்கு எரியும். மலையின் உருவம் இருட்டிலும் பனியிலும் மறைந்துவிட்டால், தூரத்துத் தோட்டத்திலிருந்து பார்ப்பவருக்கு வானத்தில் செங்குத்தாக ஒரு ஒளிக்கோடு மட்டும் தொங்கும். மஸ்கெலியாக்காரர்களுக்கு அது பழகிப்போனது. முதல் தடவை பார்க்கும் வெளியூர்க்காரர் பயந்துபோனால் அதில் வியப்பில்லை. ஊவாப் பக்கம் வறட்சிக் காலத்தில் பற்றி எரியும் பத்தனைப் புல்வெளியும் அப்படித்தான், இரவில் நெருப்புக் கோடு அந்தரத்தில் நகரும். வெசாக் நேரத்தில் பறக்கவிடும் காகித விளக்குகள் செம்மஞ்சள் நிறத்தில் சத்தமில்லாமல் மிதந்து போய் அணையும்.

2019 மே மாதத்திலிருந்து, இணைய வசதி தரும் ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்கள் சேர்ந்துகொண்டன. ஏவிய சில நாட்களுக்கு அவை, இரவுத் தபால் ரயில் விளக்கெரியும் பெட்டிகளோடு மலையேறுவதுபோல ஒன்றன்பின் ஒன்றாக வரிசையில் போகும். மாலை இருட்டியபின் ஒன்றிரண்டு மணி நேரமும் விடிவதற்கு முன்னும்தான் தெரியும். நடுநிசியில் அப்படி வரிசை கண்டதாக ஒருவர் சொன்னால் வேறு விடை தேட வேண்டும்.

ரொக்கெட்டுகளும் உண்டு. இந்தியாவின் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து துருவச் சுற்றுப்பாதைக்குப் போகும் பி.எஸ்.எல்.வி. ரொக்கெட் நேராகத் தெற்கே போனால் இலங்கைக்கு மேலே பறக்க வேண்டிவரும். அதனால் முதலில் தென்கிழக்காகப் போய்ப் பிறகு வளைந்து திரும்புகிறது. அந்திநேரத்தில் ஏவினால், மேலே இன்னும் வெயில் இருப்பதால் அதன் புகை பிரமாண்டமான ஒளிமேகமாக விரியும். கிழக்கு வானம் மறைவில்லாத மலைமுகட்டில் இருப்பவருக்கு அது கண்ணில் படலாம். தூத்துக்குடி மாவட்டத்துக் குலசேகரன்பட்டினத்தில் இரண்டாவது ஏவுதளத்துக்கு 2024 பெப்ரவரியில் அடிக்கல் நாட்டினார்கள். அது இயங்கத் தொடங்கினால் மேற்கு வானத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஏவுகணைச் சோதனை என்றால் படைகள் பொதுமக்களுக்கு முன்கூட்டிச் சொல்வதில்லை. 2022 டிசம்பர் 15 மாலை மேற்கு வங்காளத்தில் பலர் விசித்திரமான ஒளியைக் கண்டு படம் பிடித்தார்கள். அக்னி-5 ஏவுகணையை இரவில் சோதித்தோம் என்ற செய்தி அதற்குப் பிறகுதான் வந்தது. ஆனால் விமானிகளுக்கும் கப்பல்களுக்கும் அந்த வான்பரப்பையும் கடற்பரப்பையும் தவிர்க்கும்படி முன்னறிவித்தல் போகும். அவற்றை யாரும் இணையத்தில் பார்க்கலாம். புரியாத ஒளியைக் கண்டால் நான் முதலில் தேடச் சொல்வது அதைத்தான்.

"ரேடாரில் எதுவும் தெரியவில்லை" என்றால் நாம் பார்த்தது பொய்யா?

இல்லை. ரேடார் நேர்கோட்டில்தான் பார்க்கும். மலைக்குப் பின்னால் பள்ளத்தாக்கில் தாழப் பறக்கும் ட்ரோன் அதற்குத் தெரியாது. வெள்ளியும் தெரியாது, ஒளிமேகமும் தெரியாது.

மறுபக்கமும் உண்டு. 1952 ஜூலையில் வாஷிங்டன் நகருக்கு மேலே ரேடாரில் புள்ளிகள் தெரிந்தன, போர் விமானங்களை அனுப்பினார்கள், ஊரே கலங்கியது. கீழே குளிர்ந்த காற்றும் மேலே சூடான காற்றும் அடுக்காக நிற்கும்போது ரேடார் அலை வளைந்து தரையைத் தொட்டுத் திரும்பியிருக்கலாம் என்று அமெரிக்க விமானப்படையின் ஜெனரல் சாம்ஃபோர்ட் விளக்கினார். ஜனவரியில் துகள்பனி விழும் நுவரெலியாவின் பள்ளங்களிலும் அதே மாதிரிக் காற்றடுக்கு உருவாகும். தூரத்து விளக்குகளை நீட்டியும் நெளித்தும் காட்ட அது போதும்.

வேற்றுக்கிரகவாசிகள் வந்ததற்கு எந்த இராணுவமாவது சான்று காட்டியிருக்கிறதா?

இல்லை. 2021 ஜூனில் அமெரிக்க உளவுத்துறை 144 அறிக்கைகளை ஆராய்ந்து, ஒன்றே ஒன்றுக்குத்தான் உறுதியான விடை சொன்னது. அது காற்றிறங்கிய பெரிய பலூன். மற்றவற்றுக்குப் போதிய தரவு இல்லை. அமெரிக்கப் பாதுகாப்பு அமைச்சான பென்டகன் இதற்கென்றே வைத்த தனி அலுவலகம் 2024 மார்ச்சில் பழைய கோப்புகளையெல்லாம் பார்த்துவிட்டு, வேற்றுக்கிரகத் தொழில்நுட்பத்துக்குச் சான்று இல்லை என்றது. விளங்காதது என்றால் விளங்காதது, அவ்வளவுதான்.

எந்த நாட்டு முறை நல்லது?

பிரான்ஸ், சந்தேகமில்லாமல். அங்கே இந்த வேலை விண்வெளி நிறுவனத்திடம் இருக்கிறது. 1977இல் துலூஸ் நகரில் தொடங்கினார்கள். சாட்சியத்தை ஊர்க் காவல்துறை எழுதி அனுப்பும், அறிவியலாளர்கள் ஆராய்வார்கள். விடை கிடைத்தது, அநேகமாகக் கிடைத்தது, தரவு போதாது, ஆராய்ந்தும் விளங்கவில்லை என்று நான்கு வகையாகப் பிரிப்பார்கள். 2007 முதல் கோப்புகள் இணையத்தில் இருக்கின்றன. மூன்றாம் வகையையும் நான்காம் வகையையும் வேறாக வைத்ததுதான் இதில் பெரிய நேர்மை. தரவில்லாததை மர்மம் என்று விற்கவில்லை, மர்மமானதைப் பார்த்தவரின் குறை என்று தள்ளவுமில்லை.

நாம் கண்டால் யாரிடம் சொல்வது, எப்படிச் சொல்வது?

அவசரமென்றால் 119. அவசரமில்லையென்றால் பக்கத்துப் பொலிஸ் நிலையம், அல்லது கிராம உத்தியோகத்தர் வழியாக. வானியல் சம்பந்தமான சந்தேகம் என்றால் மொறட்டுவை கட்டுபெத்தையில் உள்ள ஆதர் சி. கிளார்க் நிறுவனத்துக்கு எழுதலாம்.

கண்ட கையோடு நேரத்தைக் குறியுங்கள். எங்கே நின்றீர்கள், எந்த மலைக்கு நேரே தெரிந்தது, கையை நீட்டிப் பிடித்தால் அடிவானத்திலிருந்து எத்தனை முஷ்டி உயரம், எவ்வளவு நேரம் இருந்தது, சத்தம் இருந்ததா, மேகம் அதற்கு முன்னால் போனதா பின்னால் போனதா. மறுநாளும் அதே நேரத்துக்கு அதே இடத்தில் நின்று பாருங்கள். திரும்பவும் இருந்தால் அநேகமாகக் கோள்தான். வீடியோ எடுத்தால் லயத்துக் கூரையோ மரமோ சட்டத்துக்குள் இருக்கட்டும். கறுப்பு வானத்தில் ஒற்றைப் புள்ளியை ஸூம் செய்த வீடியோவால் யாருக்கும் பயனில்லை. "பெருசா இருந்துச்சி, வேகமா போச்சி" என்பதும் அப்படியே. தூரம் தெரியாமல் அளவும் தெரியாது, வேகமும் தெரியாது.

சொல்லப் போனால் நம்மையே விசாரிப்பார்களோ என்று பயமாக இருக்கிறது.

அந்தப் பயத்துக்குக் காரணம் இருக்கிறது. 2007 மார்ச்சில் புலிகளின் விமானங்கள் கட்டுநாயக்க விமானப்படைத் தளத்தைத் தாக்கியதிலிருந்து 2009 வரை, இரவு வானத்தில் ஒரு வெளிச்சம் என்றால் இந்த நாட்டில் அதற்கு வேறு அர்த்தம் இருந்தது. அந்தக் காலத்தில் தமிழ்ப் பெயரோடு பொலிஸ் நிலையத்துக்குப் போய் வானத்தைப் பற்றிப் பேச யாருக்குத் துணிவு வரும்? பெரியவர்கள் இன்றும் தயங்குவதைக் குறை சொல்லமாட்டேன்.

தனியாகப் போகாமல் தோட்டத் தலைவரையோ உடன் பார்த்த இன்னொருவரையோ கூட்டிக்கொண்டு போங்கள். தமிழும் அரசகரும மொழி, தமிழில் சொல்வது உங்கள் உரிமை. சிங்களத்தில் எழுதினால் வாசித்து விளக்கச் சொல்லிவிட்டுக் கையெழுத்து வையுங்கள். "பறக்கும் தட்டு" என்றோ "ட்ரோன்" என்றோ நீங்களே பெயர் வைக்காதீர்கள். கண்டதை மட்டும் சொல்லுங்கள்.

இவ்வளவு சிரமப்பட்டுச் சொல்லி என்ன ஆகப்போகிறது?

1974 டிசம்பர் 4ஆம் திகதி இரவு, சுரபாயாவிலிருந்து ஹஜ் யாத்திரிகர்களை ஏற்றி வந்த மார்ட்டின்எயார் டி.சி.-8 விமானம் கட்டுநாயக்கவுக்கு இறங்கி வரும் வழியில், நோட்டன் பிரிட்ஜ் பக்கத்து ஏழு கன்னியர் மலையில் மோதியது. விமானிகள் தாங்கள் எங்கே இருக்கிறோம் என்பதைத் தவறாகக் கணித்திருந்தார்கள். இருந்த 191 பேரில் ஒருவரும் தப்பவில்லை. நம் மலைகளுக்கு மேலே விமானப் பாதை இருக்கிறது. தாழ்வாக வரும் விளக்கு, வழக்கமில்லாத இரைச்சல், மலைக்குப் பின்னால் ஒரு பளிச்சிடல் என்று எதைக் கண்டாலும் உடனே 119க்குச் சொல்லுங்கள். பேஸ்புக்கில் போடுவது பிறகு.

சொல்லியும் பதில் வரவில்லை. வேறு வழி உண்டா?

2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. விமானப்படையாக இருந்தாலும் சிவில் விமான சேவைகள் அதிகார சபையாக இருந்தாலும் தகவல் உத்தியோகத்தர் இருப்பார், தமிழில் எழுதலாம், 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று முடிவு சொல்ல வேண்டும். தேசிய பாதுகாப்பைக் காரணம் காட்டி மறுக்கச் சட்டத்தில் இடம் உண்டு. ஆகவே "அது என்ன மர்மப் பொருள்" என்று கேட்காதீர்கள். இன்ன திகதி, இன்ன மணிக்கு, இன்ன பகுதிக்கு மேலே ட்ரோன் பறக்க அனுமதி கொடுக்கப்பட்டதா என்று கேளுங்கள். மறுத்தால் அந்த நிறுவனத்தின் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கும், பிறகு தகவலறியும் உரிமை ஆணைக்குழுவுக்கும் மேன்முறையீடு செய்யலாம்.

வானத்திலிருந்து ஏதாவது விழுந்து கிடந்தால்?

தொடாதீர்கள், பிள்ளைகளைக் கிட்ட விடாதீர்கள். ரொக்கெட் பாகங்களில் ஹைட்ரஸீன் போன்ற நச்சு எரிபொருள் மிச்சமிருக்கலாம். பலூன் கருவியிலும் மின்கலம் இருக்கும். தள்ளி நின்று படம் எடுத்து 119க்குச் சொல்லுங்கள்.

2015 நவம்பர் 13ஆம் திகதி நண்பகலுக்குச் சற்று முன், விண்வெளிக் குப்பைத் துண்டொன்று தென்னிலங்கைக் கரைக்கு ஏறத்தாழ 100 கிலோமீற்றர் அப்பால் கடலுக்கு மேலே எரிந்து விழுந்தது. அதற்கு வைத்த பெயர் டபிள்யூ.டி.1190எஃப். வானியலாளர்கள் அதன் நேரத்தை முன்பே கணித்து, விமானம் ஒன்றில் மேகத்துக்கு மேலே ஏறிப் படம் பிடித்தார்கள். எல்லாத் துண்டுகளும் அப்படிச் சொல்லிவிட்டு வருவதில்லை. 1967ஆம் ஆண்டின் விண்வெளி ஒப்பந்தப்படி, எங்கே விழுந்தாலும் அது ஏவியவருக்கே சொந்தம். உடைத்துப் பழைய இரும்புக் கடைக்குக் கொண்டுபோக நினைப்பவர்களிடம் இதையும் சொல்லிவையுங்கள்.